வசந்தாவின் குளிராத ஃபிரிட்ஜ்

இப்போது நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. அதற்கு நானே உத்தரவாதம். காஞ்சிபுரத்தில் பழைய ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவன் நான். என் கதைகளைக் கேட்டு கம்ப்ரஸருக்கே வியர்த்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை கடைக்குப் போன் வந்தது. தென்னேரிப் பக்கம், ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு நூலகம் நடத்திய வசந்தா நெஞ்சுவலியில் போய்விட்டாள். என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவி, பூமியைத் துளைத்து, மறுபக்கம் போய் விழுந்தது.

அவளை அறிந்த உங்களுக்கு அந்த ஃபிரிட்ஜையும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் கடைக்கு வந்தவள், செத்துப்போன ஃபிரிட்ஜ் ஒன்று வேண்டும் என்றாள்.

"உங்க பக்கம் கரண்டே கெடையாதேம்மா?"

"கரண்டு இருந்தா உசுரோட ஒண்ணு கேட்டிருப்பேன்ணா. குடிசை ஒழுவுது. பசங்க புக்க கறையான் துன்னுது. மூடுனா தண்ணி பூராத பொட்டி வேணும்."

கொடுத்தேன். கதவிலிருந்த பூட்டைக் காட்டி, "மொதல்ல இத்த புடுங்குண்ணா. புள்ளைங்க கை வெக்கிற எடத்துல பூட்டு இன்னாத்துக்கு?" என்றாள். பிடுங்கினேன். பட்டத்து யானையைத் தூக்குவதுபோல நான்கு பெண்கள் அதைக் கரைமேல் தூக்கிப் போனார்கள். முட்டைக் குழிகளில் பென்சில், காய்கறித் தட்டில் படக்கதை. பேய்க்கதைகள் மட்டும் ஃப்ரீசரில். வெளியே வந்துவிடக் கூடாதாம்.

அந்த நூலகத்தில் அபராதம் சுத்தமான புத்தகத்துக்குத்தான். ஒருநாள் ஒரு சிறுமி மடிப்புக்கூடக் கலையாத புத்தகத்தை நீட்டினாள்.

"இன்னாடி, கல்யாணப் பொண்ணு மாரி கீது? தொறந்தியா, பூசை பண்ணியா?"

"அழுக்காயிடும்னுதான்கா..."

"ஆவட்டும். உக்காந்து எல்லாருக்கும் படி."

அதுதான் அபராதம். அட்டையில் மீன் செதில் ஒட்டி வந்த புத்தகத்தை மட்டும் பரிசுக் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டுவாள்.

பக்கத்து ஊரிலும் ஒரு நூலகம் உண்டு. சலவைக்கல் தரை, கண்ணாடி அலமாரி. ரிப்பன் வெட்டிய அன்று திறந்த கதவு, அதன்பின் திறந்ததை அந்த ஊர்ப் பல்லிகூடப் பார்த்ததில்லை. நம் பிள்ளைகள் போனபோது சாவி வைத்திருந்த பெரிய மனிதர், "கை அழுக்கா கீது, கழுவினு வாங்க" என்றார். ஏரியே வற்றும் அளவுக்குக் கழுவிக்கொண்டு போனார்கள். பூட்டியிருந்தது. மறுநாள் வசந்தா போனாள். நானும் உடன் இருந்தேன்.

"சாவி எங்கண்ணா?"

"பத்திரமா இருக்குதும்மா."

"புக்கு?"

"அதுவும் பத்திரமா இருக்குது."

"அப்ப எங்க புள்ளைங்கள மட்டுந்தான் வெளிய வுட்டுட்டீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் உயர்த்தினேன், மூன்று ஊர்க் காக்கைகள் இடம் பெயர்ந்தன. கதவு அசையவில்லை.

அதே மனிதர் சாவு வீட்டுக்கு மாலையோடு வந்தார். கட்டடத்துக்கு வசந்தா பெயரை வைக்கப்போகிறார்களாம். ஃபிரிட்ஜில் இருக்கும் புத்தகங்களையும் அங்கே கொண்டுபோய்ப் 'பத்திரமாக' வைப்பார்களாம். உயிரோடு இருந்தவரை அவளை வாசற்படி ஏற்றாதவர்கள், செத்த பிறகு அவள் பெயரைப் பூட்டுக்கு மேலே மாட்டுவார்களாம். அன்று அபராதம் கட்டிய அந்தச் சிறுமி ஃபிரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். "குடுக்க மாட்டோம்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நாற்பது வருடமாக வாயால் பிழைக்கிறேன். அன்று கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது. அவ்வளவு கோபம்.

அதன்பின் நடந்தது இதுதான். மறுநாள் பட்டப்பகலில் ஏரியிலிருந்து பனைமர நீளத்தில் ஒரு விரால் எழுந்து, தெருவழியே நடந்துபோய், நூலகப் பூட்டை விழுங்கிவிட்டுத் திரும்பியது. யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். விரால் பொய். ஸ்க்ரூ டிரைவர் பூமியைத் துளைத்ததும் பொய். அந்த ஸ்க்ரூ டிரைவர் எனக்குத் தேவைப்பட்டது. வசந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவள் சொன்ன முதல் வேலையைத்தான். பக்கத்து ஊர் நூலகக் கதவில் இப்போது பூட்டு இல்லை. அலமாரிப் புத்தகங்களில் செதில் ஒட்ட ஆரம்பித்திருக்கிறது. அது நிஜம்.