எஞ்சினுக்கு வைத்த பொட்டு

என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், வள்ளத்து எஞ்சினின் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பார். அதிர்வில் திருகாணி கழன்றுவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. கலியாண வீடுகளுக்கென்று அக்கா வாங்கிய குப்பிகளெல்லாம் இப்படித்தான் காலியாகின. “என்னை விட அவரின்ரை மெசின்தான் வடிவாக் கிடக்குது” என்று அக்கா புறுபுறுப்பார்.

அத்தான் ஊரில் எஞ்சின் திருத்தியவர். லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் அவருக்கு வாய்த்தது சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்கும் ஷிப்ட். அங்கே அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆனால் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய வள்ளம் நின்ற ஆற்றங்கரையில் யாருடைய எஞ்சின் இருமினாலும், வெள்ளைக்காரர்கூட அவரைத்தான் தேடி வருவார்கள். லண்டனில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

குளிர் தொடங்க முன் எஞ்சினைக் கழற்றி, மோர்டனில் என் வீட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுவருவோம். நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி, மிச்சப் பெற்றோலை எரித்துத் தீர்த்து, நீர் வடிய நிமிர்த்தி வைப்பது அவர் வேலை. அடித்திருகாணியைத் திறந்து, கியர் எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. உறைபனியில் அது விரிந்து உலோகத்தையே பிளந்துவிடும். ஒரு வருடம் மழை தூறிக்கொண்டிருந்தது, விரல்கள் விறைத்துவிட்டன, எனக்கோ அலுப்பு. திருகாணியைத் தொடாமலே, “பார்த்திட்டன் அத்தான், எண்ணெய் நல்லாயிருக்கு” என்றேன். என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்த மடையன் நான்.

வசந்தத்தில் போர்வையை விலக்கினால், கியர்ப்பெட்டியில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அத்தான் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. செய்தி பரவி, ஆர்ச்வே முருகன் கோயிலில் ஆட்கள் பகிடி பண்ணினார்கள், ஊர்க்கடல் மெக்கானிக்குக்குப் பனி தெரியுமோ என்று. அவரும் சிரித்தபடி, “ஓம், எங்கட கடல் உறையிறேல்லைத்தானே. பிழை என்ரைதான்” என்று ஒத்துக்கொண்டார். கையில் பிரசாதத்தோடு பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை. அதன்பிறகு ஆற்றங்கரையில் அவரைத் தேடி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வேறு கியர்ப்பெட்டி பூட்டி இத்தனை வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கார்த்திகையில் அத்தான் நெஞ்சு ஒப்பரேஷன் முடிந்து, கொட்டில் வாசலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார். எல்லா வேலையும் நான்தான். அடித்திருகாணியைத் திருப்பும்போது சிவப்புப் பொட்டு உடைந்து என் பெருவிரலில் ஒட்டியது. இனியும் மறைக்க முடியாமல், அந்த வருடம் நான் இதைத் திறக்கவேயில்லை என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றார் அத்தான். “வெடிச்ச அண்டைக்கே பார்த்தனான். பழைய பொட்டு உடையாமல் அப்பிடியே கிடந்தது.”

பிறகேன் கோயிலில் பழியை ஏற்றீர்கள் என்று கேட்டேன்.

“உன்னைச் சொல்லியிருந்தா நீ பிறகு வள்ளப் பக்கமே வந்திருக்கமாட்டாய். தனியப் போய் நான் ஆரோடை கதைக்கிறது?”

புது எண்ணெய் விட்டுத் திருகாணியை முறுக்கினேன். வடித்த எண்ணெயை அவருக்குக் காட்டவென்று பாத்திரத்தோடு கிட்டப் போனேன். அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“நீ பார்த்தனிதானே, அது போதும்” என்று சொல்லி, நகப்பூச்சுக் குப்பியை என்னிடம் நீட்டினார்.