உருண்டை எழுத்து டிரம்

புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்த பிளாஸ்டிக்கின் வாசனைதான் எனக்குக் கோடையின் வாசனை. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவது நிச்சயமில்லாத காலம் அது. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு நீல டிரம் நிற்கும். எல்லாம் சுற்றியிருந்த தொழிற்சாலைகள் காலிசெய்து விற்றவை. முன்பு எதை அடைத்து வந்தவை என்று மேலே ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டிருக்கும்.

எங்கள் தெருப் பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாது, எழுத்தின் முகம் தெரியும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து, நுனியில் கூராகவும் அடியில் பாதம் வைத்தும் நிற்பதை ‘முள்ளு எழுத்து’ என்பார்கள். அது ஆசிட், மருந்து, தொடக்கூடாது. ஒரே தடிமனில், முனை மழுங்கி, பற்பசையைப் பிதுக்கி வளைத்தாற்போல் இருப்பது ‘உருண்ட எழுத்து’. அது குளுக்கோஸ், பாமாயில், குடிதண்ணீருக்கு ஆகும். சாப்பாட்டுச் சரக்கு விற்பவர்கள்தான் அப்போதெல்லாம் அந்த மென்மையான எழுத்தை விரும்பினார்கள் என்பதால் இந்தக் கணக்கு பல வருஷம் பிசகியதில்லை.

அந்தக் கோடையில் எங்கள் டிரம் அடியில் விரிசல் விட்டது. பழைய டிரம் விற்கும் அண்ணாச்சியின் கடைக்கு அம்மா என்னையும் மூன்று வயதுத் தங்கை செல்வியையும் கூட்டிப் போனாள். நான் இரண்டாம் வகுப்பு. ஆங்கிலம் இன்னும் தொடங்கவில்லை. அம்மா ஒரு டிரம்மின் எழுத்துகள் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“இன்னா அண்ணாச்சி, இது குளுகோசு தானே?”

“உருண்ட எழுத்துதானம்மா, பொறவு என்ன? பொண்ணு பாக்க வந்தவுக கணக்கா தடவிப் பாக்கீயளே.”

“வூட்ல கொழந்த கீது. பாக்காம வாங்குவாங்களா?”

வீட்டுக்குக் கொண்டுவந்து புளி போட்டுத் தேய்த்து, வெந்நீர் விட்டும் கழுவினாள். தண்ணீர் லேசாகக் கசந்தது. லாரித் தண்ணீர் கசப்பது புதிதில்லை என்று குடித்தோம். எல்லோருக்கும் வாந்தி வந்து நின்றது. செல்விக்கு நிற்கவில்லை. டிரம்மைக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் இருந்ததைப் படித்துப் பார்த்த டாக்டர், பூச்சிமருந்தில் சேர்க்கும் ரசாயனம் என்றார். மறுநாள் செல்வி இல்லை.

பிறகுதான் தெரிந்தது: அந்த ரசாயனக் கம்பெனி தன் பெயர்ப்பலகை, வண்டி, டிரம் எல்லாவற்றிலும் எழுத்தை உருண்டையாக மாற்றியிருந்தது; பழைய முள்ளு எழுத்து பயமுறுத்துகிறதாம். நாங்கள் போய் நின்றபோது கம்பெனி கேட்டுக்கு வந்து பேசிய அதிகாரி, “இவ்ளோ தெளிவா அச்சடிச்சிருக்கோமே, இதுக்கு மேல என்னம்மா செய்யறது?” என்றார். பொய்யில்லை. அதைவிடத் தெளிவான எழுத்தை நான் கண்டதில்லை. தெருவும் அம்மாவைத்தான் சொன்னது: “பாத்து வாங்கியிருக்கலாம்ல.” அவள் பார்த்துத்தான் வாங்கினாள்.

இன்று அந்தக் கம்பெனி இல்லை. அந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. தெருவில் டிரம்கள் இல்லை, அவற்றை விரலால் படித்த பெண்களில் பலர் இல்லை. உருண்டை எழுத்து மட்டும் பால் பாக்கெட்டிலும் பாங்கிலும் கைபேசியிலும், அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரியின் முதுகிலும்கூடப் பெருகிக் கிடக்கிறது, யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத முகத்தோடு.

அம்மாவுக்கு எண்பதாகப் போகிறது. தண்ணீர் கேன் வந்து இறங்கியதும் அதன் மேல் ஒட்டியிருப்பதை நான் ஒரு சொல் விடாமல் படித்துக்காட்ட வேண்டும். சுத்திகரிக்கப்பட்டது என்று படிக்கிறேன்.

“அவன் எழுதிக்கீறது கெடக்கட்டும். நான் குடிக்கிறேன், நீங்கல்லாம் அப்பால குடிங்க” என்பாள்.

குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருகிறாள். பேரப்பிள்ளைகள் காலி டம்ளர்களோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.