தெஹிவளையில் நின்ற வாள்மீன்

வெள்ளவத்தையில் இடுப்பில் உடுத்தும் சாரமும் துவாயும் விற்கும் மஜீட் ஹாஜியாருக்குச் சீனி வருத்தம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து மனைவி ஹப்ஸா அவரைப் பின்னேரங்களில் கடற்கரைக்கு நடக்க அனுப்பினாள்.

முதல் நாள் மஜீட் உண்மையாகவே நடந்தார். முழங்கால் வலித்தது, செருப்புக்குள் மணல் புகுந்தது. திரும்பும்போது கற்களுக்கிடையில் மைக் மாதிரி ஒன்று கிடந்தது. கறுத்த உருண்டை, அதன் தலையில் மெல்லிய கம்பி. பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. கண்ணாடி கையில் இல்லாததால் வாசிக்கவில்லை. கொண்டுவந்து ஸ்கூட்டரின் முன்கூடையில் கம்பி மேலே தெரியும்படி செருகிவைத்தார். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் நடை நின்றது. “கடற்கரை வரைக்கும் ஸ்கூட்டர்ல போய், அங்க நடக்கிறன்” என்று வீட்டில் சொல்லிவிட்டு அடுத்த ஊரான தெஹிவளைக்கு விட்டார். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்ட வட்டிலப்பம் நன்றாக இருக்கும். பொறுமையாகச் சாப்பிட்டால் ஒரு மணித்தியாலம் போய்விடும்.

பத்து நாள் போயிருக்கும். ஹப்ஸா கடைக்குச் சோறு கொண்டுவந்த நேரம், கையில் அன்டெனா பிடித்த ஒரு பெண் உள்ளே வந்தாள். ஏதோ லைசன்ஸ் பார்க்க வந்தவள் என்று மஜீட் எழுந்து நின்றார்.

“ஐயா, என்ர மீன் உங்களிட்ட இருக்கு” என்றாள் அவள்.

“மீன் மார்க்கெட்ல, மகள். இது சாரக் கடை.”

பெயர் உஷாந்தி, கடல் ஆராய்ச்சி செய்கிறாள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு வாள்மீனின் முதுகில், மஜீட் கூடையில் செருகிவைத்த அந்தக் கருவியைப் பூட்டிவிட்டார்கள். குறித்த நாளில் அது தானாகக் கழன்று மிதந்து, தான் இருக்கும் இடத்தை செட்டலைட்டுக்குச் சொல்லவேண்டும். சொன்னது. பிறகு கரையேறி, காலி வீதியில் ஓடத் தொடங்கிவிட்டது.

“ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்கும் போனது” என்றாள் உஷாந்தி.

“அது எங்கட ராத்தா வீட்டுக் கலியாணம்” என்றார் மஜீட்.

உஷாந்தி வரைபடத்தை மேசையில் விரித்தாள். “ஒண்டுதான் விளங்கேல்ல. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஞ்சு மணிக்குத் தெஹிவளையில ஒரு மணித்தியாலம் அசையாமல் நிக்குது.”

ஹப்ஸா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். “அஞ்சு மணிக்கு இவர் கடற்கரையில நடக்கிறவராச்சே.”

“கரையில ஒரு நாள்தான் இருந்திருக்கு, அம்மா.”

“மெஷின் பழுதா இரிக்கும்” என்றார் மஜீட்.

“நாங்களும் அப்படித்தான் நினைச்சனாங்கள். சிக்னலைச் செக் பண்ணினனாங்கள், நல்லா வேலை செய்யுது.” அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவளாக, “ஒரு முந்நூறு மீட்டர் அங்கால இங்கால பிழைக்கலாம்” என்றாள்.

“தெஹிவளை முந்நூறு மீட்டரா, மகள்?” என்று கேட்டாள் ஹப்ஸா. குரலை உயர்த்தவே இல்லை. மஜீட் வட்டிலப்பம் வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஹப்ஸாவும் கூட நடந்தாள். அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவர் மூச்சிரைத்தார். இரண்டு மாதத்தில் சீனி இறங்கியது.

கொண்டுபோன கருவியைத் திறந்து பார்த்துவிட்டு உஷாந்தி போனில் சொன்னாள்: அந்த மீன் பகலெல்லாம் அறுநூறு மீட்டர் ஆழத்தில் கிடந்து, இருட்டினால்தான் மேலே வந்திருக்கிறது. இப்போது சாரம் வாங்க வருகிறவர்களுக்கு விலை சொல்வதற்கு முன் மஜீட் அதைத்தான் சொல்கிறார், சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிக் கதைப்பதுபோல.