முப்பத்தோராவது பிரதி: டிரம்மரை வாங்கத் திருச்சிக்குப் போன கதை

ராக் இசைக்காரர்களின் படங்களைச் சேர்ப்பது என் பைத்தியம். போஸ்டர் இல்லை, எண் போட்டு, ஓவியர் கையெழுத்திட்ட அச்சுப் பிரதிகள். எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இதைச் சொன்னால் "காலண்டர் மாதிரியா?" என்று கேட்பார்கள். விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. இங்கே ஒரே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தை முப்பது பிரதிதான் போடுவேன் என்று ஓவியர் முதலிலேயே அறிவிப்பார். போட்டு முடித்ததும் அச்சுத் திரையைக் கழுவி அழித்துவிடுவார். ஒவ்வொரு பிரதியின் கீழ் ஓரத்திலும் பென்சிலால் 1/30, 2/30 என்று எழுதிக் கையெழுத்திடுவார். முப்பத்தோராவது என்று உலகத்தில் ஒன்று இருக்காது. அந்த நம்பிக்கைக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம்.

திருச்சிக்காரர்கள் நாலு பேர் நடத்தும் ஒரு ராக் குழுவை, அவர்கள் கல்லூரி விழாக்களில் வாசித்த காலத்திலிருந்தே கேட்டு வருகிறேன். டிரம்மர் இன்றைக்கும் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஒத்திகைக்கு வருகிறவர். இந்த நால்வரையும் ஷமீமா என்ற ஓவியர் ஒவ்வொருவராக அச்சிட்டு வந்தார். பாடகர், கிடார், பேஸ் கிடார் மூவரும் மதுரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறார்கள். மூன்றிலும் என் எண் பன்னிரண்டு. மிச்சம் டிரம்மர் ஒருவர்தான். "உங்களுக்குப் பன்னிரண்டை எடுத்து வச்சிருக்கேன்க்கா. ஆனா கூரியர்ல அனுப்ப மாட்டேன், போன தடவை ஒண்ணு மடங்கிப்போச்சு. நேர்ல வாங்க" என்று ஷமீமா போனில் சொன்னார். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை ஆறரைக்கு மாட்டுத்தாவணியில் பஸ். சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர்; ஒன்பதே காலுக்கு இறக்கிவிட்டார்கள். பழைய ஞாபகத்தில் மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். மதுரைப் பக்கத்து வண்டிகள் இப்போது ஊருக்கு வெளியே பஞ்சப்பூரிலேயே நின்றுவிடுகின்றன. இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் வந்தார்.

"மெயின் கார்டு கேட்டுக்கு முன்னூத்தம்பது கொடுங்க."

"அந்தக் காசுக்கு நான் மதுரைக்கே போயிட்டுத் திரும்பி வந்துருவேனே!"

மனிதர் சிரித்துவிட்டார். "அப்ப டவுன் பஸ்ல போங்கக்கா. அதோ நிக்குது பாருங்க, உங்களுக்கு டிக்கெட்டே கிடையாது." சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். சவாரி போனாலும் வழி சொல்லிவிட்டுப் போகிற ஆட்டோக்காரர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

ஷமீமாவின் இடம் மெயின் கார்டு கேட்டுக்குப் பக்கத்தில், பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. ஓவியக்கூடம் என்று பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். அது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம். கீழே அவருடைய அத்தாவின் கடை, மாடியில் ஷமீமாவின் மேசை. மகள் வரைந்து திரை தயாரித்துக் கொடுப்பார். நிறம் நிறமாக மையை இழுத்து அச்சிடுவது அத்தா. அதனால்தான் அந்தப் பாடகரின் சட்டை பத்திரிகைத் தங்க நிறத்தில் அப்படி மின்னுகிறது.

ஷமீமா மாடியில் என் பிரதியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "உட்காருங்கம்மா, டீ சொல்றேன்" என்றார் அத்தா. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். முந்தின வாரம்தான் வெள்ளையடித்தார்களாம். புதுச் சுவர் முழுக்க சாம்பிள் பத்திரிகைகளை அன்று காலைதான் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்: மயில் ஒன்று, பிறை ஒன்று, பிள்ளையார் நாலைந்து. அவற்றுக்கு நடுவே என் பாடகர். பக்கத்தில் கிடார், பேஸ், டிரம்மர். எழுந்து கிட்டப்போய்ப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் எண்ணும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

"பாய், இது எப்படி இங்க?"

"நம்ம மக போட்டதும்மா!" முகமெல்லாம் சிரிப்பு. "எந்த ஆர்டர் அடிச்சாலும் கடைக்குன்னு நல்லதா ஒண்ணு எடுத்து வச்சுருவோம். முப்பது கேட்டா முப்பத்தொண்ணு அடிக்கிறதுதான். பிரஸ்ல அதுதானே வழக்கம்?"

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. பத்திரிகை அடிக்கும் எந்த அச்சகத்திலும் அப்படித்தான். ஆனால் நான் பஞ்சுத் துணியால் தூசி துடைத்துக் காப்பாற்றி வரும் மூன்று படங்களும் அந்த நிமிடம் காலண்டராகிவிட்டன. நாற்பத்திரண்டு வயதில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் நிற்கும்போது எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கோபமும் வந்தது.

ஷமீமா இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. அடுத்த மாதம் சென்னையில் ஒரு கண்காட்சியில் இந்த நான்கு படங்களும் இடம்பெறுவதாக இருந்தது. ஷமீமாவின் படங்கள் ஊரைத் தாண்டிப் போவது அதுதான் முதல் தடவை. எல்லாம் விற்றுப்போய்விட்டதால் என்னுடைய நான்கையும் இரவல் கேட்டிருந்தார். முப்பது என்று சொல்லிவிட்டு முப்பத்தொன்று போடுகிறவர் என்று பேர் வந்தால், படம் சேகரிப்பவர்கள் யாரும் அதற்குப் பிறகு அவரிடம் வாங்க மாட்டார்கள்.

"அத்தா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"விக்கிறதுக்கா வச்சேன்? யாராவது கேட்டாலும் இல்லைன்னுதானே சொல்லுவேன்?"

ஷமீமா நான்கையும் கழற்றி மேசையில் வைத்துக் கத்தரிக்கோலை எடுத்தார். பாய் தடுக்கவில்லை, வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷமீமா வெட்டிவிட வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"வெட்டிட்டா மட்டும் நான் சொன்னது உண்மையாயிருமாக்கா? வாங்கினவங்க எல்லாருக்கும் சொல்லிடறேன். கண்காட்சிக்காரங்களுக்கும்."

"நான் இப்ப வாங்கலை. யோசிச்சுச் சொல்றேன்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாய் சொல்லிவிட்ட டீயைக்கூடக் குடிக்கவில்லை.

மதுரை பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தேன். ஸ்ரீரங்கம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். காவிரியில் மணல்தான் அதிகம் தெரிந்தது. நடுவில் ஓடிய தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குள் போகிற மனநிலை இல்லை. சித்திரை வீதியில் ஒரு சின்ன மெஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு நூற்றிருபது ரூபாய், வத்தக்குழம்பு பிரமாதம். ரசம் சாதத்தில் இருக்கும்போது ஷமீமாவின் செய்தி வந்தது.

"நான்கு படங்களிலும் முப்பது பிரதி என்று சொல்லியிருந்தேன். முப்பத்தொன்று இருப்பது இன்று தெரிந்தது. அந்த ஒன்று கடையில் என் அத்தாவிடம் இருக்கிறது. விற்கப்படவில்லை. படத்தைத் திருப்பித் தர விரும்புகிறவர்களுக்கு முழுப் பணமும் தருகிறேன். தவறு என்னுடையது." கீழே, மேசையில் அந்த நான்கையும் பரப்பி எடுத்த போட்டோ.

மறைத்திருக்கலாம். நான்கையும் வெட்டிப் போட்டுவிட்டு, என் ஒருத்தியை மட்டும் சமாதானப்படுத்தியிருந்தால் இந்த விஷயம் அந்தச் சந்தைத் தாண்டியிருக்காது. அந்தப் பெண் தன் கண்காட்சியையே பணயம் வைத்துச் சொல்லிவிட்டார். தவறு அத்தாவுடையது என்றும் எழுதவில்லை. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரசம் ஆறறது பாருங்கோ" என்றார் பரிமாறிய மாமி. "சாப்டுட்டு யோசிக்கப்படாதோ?"

சாப்பிட்டேன். யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. எண்ணில் பொய் சொல்லாதவரிடம் வாங்க வேண்டும் என்பதுதானே இத்தனை வருட ஆசை? அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மணிக்குத் திரும்பவும் கடையில் இருந்தேன். அதற்குள் இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள்; ஷமீமா சரி என்று பதில் போட்டிருந்தார். கண்காட்சிக்காரர்களிடமிருந்து பதில் இல்லை. பாய் ஒரு மூலையில் பத்திரிகை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். காலையில் பார்த்த சிரிப்பைக் காணோம்.

"எண்ணைத் திருத்தி எழுதுங்க ஷமீமா. ஓவியர் தனக்குன்னு ஒண்ணு ரெண்டு பிரதி வச்சுக்கறது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். சொல்லிட்டு வச்சுக்கணும், அவ்வளவுதான். இப்பதான் சொல்லியாச்சே."

ஷமீமா பென்சிலை எடுத்து என் டிரம்மரின் ஓரத்தில் 12/30 என்பதற்குப் பக்கத்தில் "+ அத்தா 1" என்று எழுதினார். என் மற்ற மூன்றிலும் எழுதித் தருவதாகச் சொன்னார். பிறகு சுவரிலிருந்து கழற்றிய நான்கையும் எடுத்தார். ஒவ்வொன்றிலும் "அத்தா பிரதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இத்தனை நாளா உன் கையெழுத்து இல்லாமத்தாம்மா வச்சிருந்தேன்" என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது. முகூர்த்த மாதங்களில் போனால் நிற்க இடம் கிடைக்காது. திரும்பி வந்த பிரதியோ புதுப் படமோ இருக்கிறதா என்று ஷமீமாவிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். படம் இரண்டாயிரத்து ஐந்நூறு. கெட்டியான குழாயோடு போங்கள், பஸ்ஸில் மேல் தட்டில் வைக்காதீர்கள். சட்டம் போடுகிறவரிடம் வெள்ளை ஓரத்தை வெட்டாதே என்று இரண்டு தடவை சொல்லுங்கள், எண் அங்கேதான் இருக்கிறது. டீ கொடுத்தால் குடித்துவிடுங்கள். மாலை மதுரை பஸ் பஞ்சப்பூரில் கால் மணிக்கு ஒன்று கிடைக்கிறது.

நேற்று ஷமீமா கூப்பிட்டார். கண்காட்சிக்காரர்கள் பதில் போட்டுவிட்டார்களாம்: எண் போட்டவை வேண்டாம், ஒன்றே ஒன்றாக இருக்கும் அத்தா பிரதிகள் நான்கையும் அனுப்பிவையுங்கள். என் படங்களுக்கு இனி இரவல் வேலை இல்லை; கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. அனுப்புவதில்தான் ஒரு சிக்கல். பாய் அவற்றை யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்கிறாராம். கல்யாண சீசனில் மூன்று நாள் கடையை அடைத்துவிட்டு, தானே மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறப் போகிறார்.