கண்டிக்குப் போவதா, ஃபரீதா கடைக்குப் போவதா?

மூன்று வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை, கண்டி வீதியில் ஒரு செக் பொயின்ட்டில், இராணுவ வீரர் ஒருவர் என் கைப்பையிலிருந்து ஒரு மலையை வெளியே எடுத்தார்.

கொப்பியில் நான் வரைந்த மலைதான். இரண்டு பக்கமும் சரிந்து, நடுவில் உயர்ந்து, அடியில் ஒரு கோடு, கோட்டில் இலக்கங்கள், உள்ளே பென்சிலால் அம்புக்குறிகள். புள்ளிவிபரவியல் படித்தவர்கள் அதைச் செவ்வன் பரம்பல் என்பார்கள். படிக்காதவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? யுத்த நேரம், நாட்டு நிலைமைதான் தெரியுமே… அதிலும் கொப்பிக்காரி ஒரு தமிழ்ப் பெண்.

பஸ்ஸில் வந்த எல்லோரும் பையோடு இறங்கி வரிசையில் நின்றிருந்தோம். மற்றவர்களின் பைகளில் குடை, சோற்றுப் பார்சல், மருந்துப் போத்தல். என் பையில் மட்டும் மலை.

“இது எந்த இடம்?” என்று சிங்களத்தில் கேட்டார் அவர்.

“இடம் இல்லைங்க சேர். கணக்கு.”

“கணக்குல எதுக்கு மலை?”

நியாயமான கேள்வி. அன்று காலை கண்டி வகுப்பில் அதையே கேட்க எனக்கும் ஆசைதான். வெட்கத்தில் கேட்கவில்லை.

வாய் டீச்சர் வாய் – அது பாட்டுக்குச் சிங்களத்தில் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டது. “இந்த வரிசையைப் பாருங்க சேர். ரொம்ப உயரமானவங்க ஒண்ணு ரெண்டு பேர். ரொம்பக் குட்டையானவங்க ஒண்ணு ரெண்டு பேர். மத்தவங்க எல்லாம் நடுவில. எந்த உயரத்துக்கு எத்தனை பேருன்னு கீறினா, நடுவில இப்படித்தான் மேடு வரும்.”

அவர் வரிசையைப் பார்த்தார். வரிசையும் தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. நெடுநெடுவென்று நின்ற கண்டக்டர் லேசாகக் குனிந்துகொண்டார்.

“அப்ப நான் எங்க வருவேன்?”

அவர் என் காதளவு உயரம். நானே உயரம் கிடையாது.

“நடுவில சேர். சரியா நடுவில.”

புள்ளிவிபரத்தில் நான் செய்த முதல் மோசடி. அவர் சிரித்தார். கொப்பி கைக்கு வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அதைப் பையின் அடியில் தள்ளினேன்.

இந்த வயதில் உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். எல்கடுவப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் கணக்கு டீச்சர் நான். பல வருஷமாக வீட்டிலிருந்தே படித்து இழுத்து வந்த பட்டத்தில் மீதியிருப்பது ஒரே ஒரு பாடம் – புள்ளிவிபரவியல். ஏற்கெனவே ஒரு முறை அதில் ஃபெயில். கணக்கு டீச்சர் கணக்கில் ஃபெயிலான செய்தி எங்கள் மாத்தளை டவுனில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பாடம் நடத்தும் நிறுவனம் ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தது. அதில் இரண்டு கட்டங்கள். சனிக்கிழமை கண்டிக்கு வந்து படிப்பதா, ஒன்லைனில் படிப்பதா? இரண்டிலும் ஒரு பாடம் இலவசமாகப் பார்க்கலாம். பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றில் புள்ளடி போட வேண்டும்.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் வாசனைத் திரவியக் கம்பனி ஒன்றில் கிளார்க். அவர் புள்ளடியை எப்போதோ போட்டுவிட்டார்.

“ஒன்லைன்லயே எடு. ஃபரீதா கடை நடந்து போற தூரம். பஸ் வேணாம், செக்கிங் வேணாம்.”

“புரியாம ஃபெயிலானா?”

“ஃபெயிலானாலும் பத்திரமா ஃபெயிலாகு.”

ஃபரீதாவின் இன்டர்நெட் கடை எங்கள் தெரு முனையில். கொம்பியூட்டர் நாலு, டெலிஃபோன் லைன் ஒன்று. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை பாடசாலை விட்டதும் போய் உட்கார்ந்தேன். திரையில் விரிவுரையாளர் தோன்றினார். “ஆகவே…” என்றார். அதோடு நின்றார். வாய் திறந்தபடி, கை தூக்கியபடி.

“ஃபரீதா, இவருக்கு என்ன ஆச்சு?”

“நெட் நிக்குது டீச்சர். வரும். அவர் எங்கயும் ஓட மாட்டார்.”

பிளேன்டீ குடித்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் “ஆகவே”க்கு அடுத்த சொல் வந்தது.

இதைச் சொல்லியே ஒன்லைனைத் தட்டிக்கழித்துவிடலாம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஆனால் ஒரு சங்கடம் நடந்தது… பாடம் புரிந்துவிட்டது. புரியாத இடத்தை ஆறு தடவை திருப்பிப் போட்டேன். ஆறு தடவையும் மனிதர் முகம் சுளிக்காமல் சொன்னார். மலை ஏன் மலையாக இருக்கிறது என்று கடைசியில் விளங்கியது.

கண்டியில் பார்த்த இலவசப் பாடத்திலோ விரிவுரையாளர் ரயில் வேகம். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னை “அன்ட்டி” என்றார்கள். பாதிதான் புரிந்தது.

அப்படியானால் ஏன் கண்டிக்குப் போக இவ்வளவு ஆசை? உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஜன்னலோர ஸீட். “அம்மா” இல்லை, “டீச்சர்” இல்லை, “சாப்பாடு ரெடியா” இல்லை. பேக்கரியில் மீன் வைத்த பணிஸ் ஒன்றை வாங்கி, யாருக்கும் பிய்த்துக் கொடுக்காமல் முழுதாகச் சாப்பிடும் சுகம். பாடத்துக்காகவா போனேன்? பணிஸுக்காகத்தான் போனேன்.

செக் பொயின்ட் கதையை வீட்டில் சொல்லவில்லை. மலையைக் காட்டினால் கண்டி கையை விட்டுப் போய்விடும். ஆனால் வியாழக்கிழமை, வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“ரோட்டுல கிளாஸ் எடுத்தியாமே.”

“யார் சொன்னா?”

“கண்டக்டர். சந்தையில பாத்தேன். நல்லா சொல்லிக் குடுத்தியாம், அவருக்கே வெளங்கிச்சாம்.”

நான் கணக்கை எடுத்தேன். “என்னங்க, தெனம் எத்தனை பஸ் போகுது, வருது. அதுல நான் போற பஸ்ஸுக்கே ஏதாச்சும் ஆகும்னு சொல்ல எவ்வளவு வாய்ப்பு இருக்கு? ரொம்ப ரொம்பச் சின்ன இலக்கம்.”

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“பஸ் நெறைய இருக்கு. எனக்கு நீ ஒரு ஆள்தானே. ஒண்ண வச்சு எப்படி வாய்ப்புப் பாக்கிறது?”

நான் விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

“அன்னைக்குச் சனிக்கிழமை சந்தைக்குப் போறேன்னு சொன்னேன்ல, போகல. நீ வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாண்ட்ல நின்னேன். உன் பஸ் வந்ததும் பின்பக்கமா வீட்டுக்கு வந்துட்டேன்.”

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் ஏன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். ஒன்லைன் கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

சும்மா போடவில்லை. நிபந்தனை போட்டேன். சனிக்கிழமை காலை என்னுடையது. மூன்று மணித்தியாலம் ஃபரீதா கடையில் இருப்பேன். சமையல் அவர். பேச்சு இல்லை, தொந்தரவு இல்லை. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இவ்வளவு சுலபமாகத் தலையாட்டினால் சந்தேகப்பட வேண்டாமா? படவில்லை.

போன சனிக்கிழமை முதல் பாடம். வகுப்பென்றால் வகுப்புத்தானே – செல்ஃபோனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். கடை வாசலில் என் வீட்டுக்காரர். சாரம், பெனியன், கையில் பருப்புக் கரண்டி, கரண்டியில் பருப்பு.

“செல்ஃபோன் வேலை செய்யல. கடைக்குக் கோல் எடுத்தா லைன் பிஸி. என்ன ஆச்சோன்னு…”

“நெட் ஓடுறப்போ லைன் பிஸியாத்தான் இருக்கும் சேர்,” என்றாள் ஃபரீதா, சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு. “ஒக்காருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு.”

உட்கார்ந்தவர் திரையைப் பார்த்தார். அதில் அந்த மலை. “இதானா அது?” என்று என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, காகிதம் பென்சில் கேட்டு வாங்கினார். பாடம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

நான் கண்டியில் படித்திருந்தால் மனிதர் பஸ் ஸ்டாண்டோடு நின்றிருப்பார்.