என் பக்கத்து பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வண்டி நடுரோட்டில் நின்றால் யாரும் வண்டியைக் குறை சொல்ல மாட்டார்கள், ஓட்டுகிறவரைத்தான் சொல்வார்கள். ராசிபுரத்தில் நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இருப்பது ஒரே ஒரு பழைய பெட்ரோல் கார். ஓட்டப் பழகுகிறவர் பக்கம் வழக்கமான மூன்று பெடல். அவருக்கு இடப்பக்கம் உட்காரும் எனக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக், இரண்டும் அவர் பெடலோடு கோர்த்தவை. மெதுவாகப் போனால் உதறி, சட்டென்று ஆஃப் ஆகி, மறுபடி சாவி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிற கார் உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான், வாங்க.

கிளட்ச் புராணம்

போன மழைக்காலம் முடிந்த பிறகுதான் இந்தத் தொந்தரவு ஆரம்பித்தது. ஸ்பீடு பிரேக்கர், திருப்பம், சந்தைக் கூட்டம் என்று எங்கே வேகம் குறைந்தாலும் வண்டி நடுங்கும், அப்புறம் பொசுக்கென்று நின்றுவிடும். புதிதாக ஓட்டுகிறவர் கிளட்ச்சை வெடுக்கென்று விட்டாலும் அப்படித்தான் நிற்கும் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. "கிளட்ச்சை விட்டுட்டீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குப்புசாமி அண்ணன், பேரன் எடுத்த பிறகு ஓட்டப் பழக வந்தவர். ஒருநாள் அவருடைய மண்டி வாசலிலேயே வண்டி நின்றது. ஸ்டார்ட் செய்து நகர்த்தினால் மறுபடி நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முதலாளியை வேடிக்கை பார்த்தார்கள். பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நான் வழக்கம்போல என் கிளட்ச் புராணத்தை எடுத்து விட்டேன். மனுசன் கோபப்படவில்லை. கதவைத் திறந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: "நீங்க உக்காந்து பாடம் சொல்லுங்க. நான் தள்ளிக்கிட்டே கேட்டுக்கறனுங்க."

மெக்கானிக்கிடம் நல்ல பிள்ளை

நன்றாக ஓட்டுகிறவர்கள் கையிலும் வண்டி நிற்க ஆரம்பித்ததும்தான் மெக்கானிக் பழனிச்சாமியிடம் போனேன். ஆத்தூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், எனக்குப் பள்ளிக்கூட சிநேகிதன். ஸ்பார்க் பிளக்கை மாற்றினான். ஏர் பில்டரைத் தட்டினான். த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினான். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான், அது ஒரு கோளாறும் இல்லை என்றது. இன்ஜினை ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வந்தான், ஒரு நடுக்கம் இல்லை. நான் கடையிலேயே உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் எடுத்துக்கொண்டு பைபாஸ் வரை போய்த் திரும்பினான். ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

மறுநாள் காலை முதல் வகுப்பிலேயே நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை அவன் வாசலிலேயே கொண்டுபோய் விட்டேன். அவன் மறுபடியும் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து சாவியை என் கையில் வைத்தான். "பச்சப் புள்ளையாட்ட ஓடுது மாப்ள. உன்னையக் கண்டாத்தான் அதுக்கு ஆகறதில்லை போல."

சுமதியின் இரண்டாவது டெஸ்ட்

சுமதிக்குத் தோட்டத்தில் வீடு. பஸ் ஏற வேண்டுமானால் கரட்டுக் குன்றைச் சுற்றி வெகுதூரம் நடக்க வேண்டும். கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். அவர் வாங்கிய கார் கொட்டகையில் சும்மா நிற்க, கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமென்றால் அந்தப் பெண் கொழுந்தனாரைத்தான் கேட்க வேண்டும். அதற்காகவே ஓட்டப் பழகியது, நன்றாகவும் ஓட்டியது. ஆனால் லைசென்ஸுக்கான முதல் டெஸ்ட்டில் வண்டி ஆஃப் ஆகி ஃபெயில். இரண்டாவதில் இன்ஸ்பெக்டர் பின்சீட்டில், நான் என் இடத்தில். ஸ்பீடு பிரேக்கரில் ஒருமுறை, திருப்பத்தில் ஒருமுறை நின்றது. அடுத்த முறை வாங்கம்மா என்று அவர் இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கே கணவர் போனில் சொல்லிவிட்டாராம், இன்னொரு தடவை பார்ப்போம், இல்லையென்றால் காரைத் தம்பிக்கே கொடுத்துவிடலாம் என்று. எனக்கு மனசு கேட்கவில்லை. கார் போனால் போகட்டும், பின்னால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று ஏதோ ஆறுதல் சொன்னேன். சுமதி பேப்பர்களைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னது: "காருக்காக இல்லீங்கண்ணா. புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் கொழுந்தனாரு ஊட்டு வாசல்ல போயி நிக்கோணும். அதுதான் முடியறதில்லை."

டெஸ்ட் அன்று காலை

மூன்றாவது டெஸ்ட்டுக்கு முன்னால் காலி ரோட்டில் ஒரு ரவுண்டு பழகப் போனோம். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே நின்றது. கிளட்ச் என்று நான் வாயெடுப்பதற்குள் சுமதி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டது. கோவித்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, என் கால் பிரேக்குக்குப் போகும்போதெல்லாம்தான் வண்டி உதறுகிறது என்று சொன்னது. கோவித்துக்கொண்டேன். எனக்கே பாடமா என்று கேட்டும் விட்டேன். சுமதியோ காலை மேலே தூக்கி மடித்துக்கொண்டு ஒரே ஒரு ரவுண்டு வரச்சொன்னது. சரி, தோற்கட்டும் என்றுதான் சீட்டில் சம்மணம் போட்டேன். ஸ்பீடு பிரேக்கர், திருப்பம், மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாம் முடிந்தது. வண்டி நிற்கவில்லை. நடுங்கக்கூட இல்லை.

ஓரமாக நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே காலை இறக்கி என் பிரேக்கை முழுசாக மிதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பாதி மிதித்து அப்படியே வைத்தேன். உள்ளேயிருந்து 'ஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம், ஒரு உதறல், ஆஃப். ஸ்டார்ட் செய்து மறுபடி பாதி மிதித்தேன், மறுபடி ஆஃப். எங்கள் தொழிலில் வேகம் குறைகிற இடத்திலெல்லாம் கால் அந்தப் பாதியில்தான் இருக்கும். அப்படி இருப்பதால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்பது எங்கள் நம்பிக்கை. இத்தனை நாள் யார் யாரையெல்லாம் திட்டினேன் என்று நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. சுமதி அதையெல்லாம் கவனிக்கவே இல்லை, மணியைத்தான் பார்த்தது. "டெஸ்ட் முடியறவரைக்கும் காலைக் கீழ எறக்காதீங்கண்ணா."

இன்ஸ்பெக்டரின் சந்தேகம்

பழனிச்சாமிக்குப் போன் போட்டேன். முழுசாக மிதித்தால் பிடிக்கிறதா என்று பலமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னான். பார்த்தேன், நன்றாகவே பிடித்தது. இருந்தாலும் காலை மடித்துக்கொண்டு அடுத்தவர் ஓட்டும் காரில் உட்காருவது எங்களுக்குச் சாமானியப்பட்ட காரியம் இல்லை. டெஸ்ட்டில் பாதி வழியில் ஒரு ஆடு ரோட்டைத் தாண்ட ஓடி வந்தது. என் கால் தானாகக் கீழே இறங்கப் பார்க்க, கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உயிரே போய் வந்தது. சுமதி நிதானமாக பிரேக் பிடித்து, ஆட்டைப் போகவிட்டு, வண்டியை எடுத்தது. வண்டி நிற்கவில்லை.

இறங்கியதும் இன்ஸ்பெக்டர் சுமதியிடம் பாஸ் என்றார். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அவர் என் பக்கம் திரும்பி, அக்கறையாகத்தான் கேட்டார். "உங்க காலுக்கு என்னாச்சு, வாதமா?"

கோளாறு கிடைத்தது

பிரேக் பூஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. நம் கால் சிரமப்படாமல் இருக்க, இன்ஜின் உறிஞ்சும் விசையை வைத்து பிரேக்குக்கு பலம் கொடுக்கும் டப்பா. அதற்குள் ஒரு வால்வு ரப்பர் தேய்ந்துபோய், பாதி மிதியில் மட்டும் காற்றை உள்ளே விட்டிருக்கிறது. வேண்டாத காற்று போனால் இன்ஜின் உதறாமல் என்ன செய்யும்? பழனிச்சாமி சேலத்திலிருந்து புதிய பூஸ்டர் வரவழைத்து மாட்டினான். முதலிலேயே ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று சண்டைக்குப் போனேன். அவன் பழைய பூஸ்டரை என் முன்னால் வைத்தான். "நான் பிரேக்கைப் புடிச்சாப் புடிப்பேன், உட்டா உடுவேன். உன்னையாட்டப் பாதியில வச்சுக்கிட்டே ஊர் சுத்த மாட்டேன்."

சுமதியின் பக்கத்து சீட்

பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். கொட்டகையில் கிடந்த அந்தக் கார் என் முன்னால் வந்து நின்றது. பின்சீட்டில் பள்ளிக்கூடப் பையோடு பிள்ளை, அதற்குப் பக்கத்தில் பல் வலியோடு கன்னத்தைப் பிடித்தபடி கொழுந்தனார். சுமதிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறதாம். ஏறிக்கொண்டேன். பைபாஸில் முட்டை லாரி ஒன்று குறுக்கே திரும்பியதும் என் கால் பெடலே இல்லாத தரையை ஓங்கி மிதித்தது. சுமதி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்ணா, சம்மணம்."

ஆகவே மகாஜனங்களே, உங்கள் கார் உதறி உதறி நின்றால் பிளக்கைப் பாருங்கள், பில்டரைப் பாருங்கள், அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருப்பவரின் காலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.