சிவப்புப் பட்டை வராத பெயர்கள்

1. மருந்துப் பையின் படம்

அன்று காலை பத்தே முக்காலுக்கு என் கணவர் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். ஒரு மருந்துப் பை. கீழே ஒரு வரி: "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? லேபிள்ல மை அழிஞ்சிருக்கு."

மை அழியாத இடத்தில் அமொக்சிசிலின் என்று இருந்தது. அது பென்சிலின் வகை மருந்து. எங்கள் மகள் கவிநயாவுக்குப் பென்சிலின் ஆகாது. ஐந்து வயதில் ஒரே ஒரு வேளை குடித்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தவள். இப்போது பதினான்கு வயது.

அப்போது நான் மெர்லிமா என்ற ஊரில், மூன்று கிளைகள் உள்ள ஒரு சிறிய கிளினிக்கின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையில் எங்கள் கிளினிக்கின் பெயர்தான் அச்சிட்டிருந்தது. செலண்டார் கிளை.

உடனே அழைத்தேன். மணி அடித்து நின்றது. மறுபடியும் அழைத்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். பின்னால் மாமாக் சாப்பாட்டுக் கடையின் தட்டுச் சத்தம். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, காய்ச்சலும் தொண்டை வலியுமாக இருந்த மகளை வீட்டிலிருந்து கூட்டிப்போய்க் கிளினிக்கில் காட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"குடிச்சிட்டாளா?"

"இன்னும் இல்ல. ரொட்டி சானாய் வரட்டும்னு பாத்துட்டு இருக்கா. ஏன்?"

அந்த ரொட்டி சானாய் போட்டவருக்கு அன்று ஆர்டர் அதிகம் போல. அவர் தாமதமாகப் போட்டதற்கு நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். பையை மூடி வைக்கச் சொன்னேன். டாக்டரிடம் அலர்ஜி பற்றிச் சொல்லவில்லையா என்று கேட்டேன். கணவர் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"உன் சிஸ்டத்துலதான் இருக்குமே. நீதானே செஞ்ச? அதான் நாங்க ரெண்டு பேருமே சொல்லல லா."

2. நான் செய்த சிஸ்டம்

கவிநயா வளர வளர என் பயமும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்தப் பயத்தில்தான் அதைச் செய்தேன். எங்கள் கிளினிக்கின் நோயாளிப் பதிவேடு பிரவுசரில் ஓடும். அதில் அலர்ஜி போட இடம் கிடையாது. பழைய அலர்ஜி விவரமெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில், பெயர் வாரியாக மட்டும் எழுதியிருந்தது. அதை டைப் செய்து பட்டியலாக்கி, பிரவுசரோடு ஒட்டி ஓடும் குட்டி புரோகிராம் ஒன்றை, எக்ஸ்டென்ஷன் என்பார்கள், எழுதிச் சேர்த்தேன். டாக்டர் ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்ததும் எக்ஸ்டென்ஷன் அந்தப் பெயரைப் பட்டியலில் தேடும். பெயர் இருந்தால் பக்கத்தின் தலையில் சிவப்புப் பட்டை வரும். இல்லாவிட்டால் எதுவும் வராது.

ஓர் ஆண்டு நன்றாக ஓடியது. நம் ஆட்களின் பெயரில் மட்டும் தொல்லை. நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில், மகன் என்பதற்கு மலாயில் 'ஆனாக் லெலாக்கி', மகள் என்பதற்கு 'ஆனாக் பெரெம்புவான்' என்று வரும்; அதைச் சாய்கோடு போட்டு a/l, a/p என்று சுருக்குவார்கள். ஒருவர் a/p என்று டைப் செய்வார், இன்னொருவர் A/P என்பார், மற்றொருவர் சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இடம் விடுவார். பெயர் பொருந்தாமல் போய்விடும். அதனால் புதிய வெர்ஷனில், பெயரில் சாய்கோடு இருந்தால் a/l, a/p எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தேடும்படி ஒரு வரி சேர்த்தேன். என் லேப்டாப்பில் சோதித்தேன். பிரமாதமாக வேலை செய்தது. மூன்று கிளைகளுக்கும் அனுப்பினேன். செலண்டார் நர்ஸ் ரொஹானாவை அழைத்து, அங்கே சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவருக்கே சல்ஃபா மருந்து ஆகாது. தன் பெயரையே திறந்து பார்த்தார்.

"சுடா கெலுவார், காக். மேரா," என்றார். வந்துவிட்டது அக்கா, சிவப்பாக இருக்கிறது என்று அர்த்தம். நான் சரி என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அது நடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

3. செலண்டாரில்

ரொஹானாவை அழைத்து மகளுக்கு வேறு மருந்து எழுதி வாங்கச் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செலண்டாருக்குப் போனேன். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். என்ன தப்பு செய்தேன் என்று ஒவ்வொரு வரியாக மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்தக் கிளைக்கு டாக்டர் அந்த மாதம்தான் வந்திருந்தார். கவிநயா என் மகள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அலர்ஜி உண்டா என்று வாயால் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது தன் தப்பு என்று அவரே முதலில் சொன்னார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார்.

"மாலா, பட்டை வரல. வரலன்னா ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?"

அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ரொஹானாவின் பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு. கவிநயாவின் பக்கம். வெறும் வெள்ளை. பட்டியலில் அவள் பெயர் இருக்கிறதா? இருந்தது, எழுத்துப் பிசகாமல். ஒரு சீனப் பெரியவரின் பெயர். சிவப்பு. ஒரு மலாய்ப் பையன். சிவப்பு. தோட்டத்து முனியாண்டி அண்ணன். வெள்ளை. அவருக்கும் பென்சிலின் ஆகாது. இன்னொரு தமிழ்ப் பெயர். வெள்ளை.

தோளுக்குப் பின்னால் நின்ற ரொஹானாதான் கேட்டார், "காக், எங்க ஆளுங்களுக்கும் சீன ஆளுங்களுக்கும் வருது, உங்க ஆளுங்களுக்கு மட்டும் ஏன் வரல?" செலண்டாரிலேயே வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பயம் போய்விட்டது. வேட்டை நாய்க்கு வாசனை பிடிபட்ட மாதிரி இருந்தது. சாய்கோடு! அந்த ஒரே ஒரு வரி!

பிரவுசரின் கன்சோலைத் திறந்தேன். சிவப்பு எழுத்தில் எர்ரர் காத்திருந்தது. replaceAll என்று ஒரு ஃபங்ஷனே கிடையாது என்கிறது பிரவுசர். ஒரு சொல்லை வரும் இடமெல்லாம் மாற்றும் கட்டளை அது. புதிய பிரவுசர்களுக்குத் தெரியும். வெர்ஷன் நம்பரைப் பார்த்தேன். இந்தப் பிரவுசர் அந்தக் கட்டளை பிறப்பதற்கு முன்பே வந்தது. மருந்து லேபிள் அடிக்கும் பழைய புரோகிராம் கெட்டுவிடக் கூடாது என்று அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் அப்டேட்டை நிறுத்தி வைத்தது நான்தான். அதையும் மறந்திருந்தேன்.

சாய்கோடு இல்லாத பெயர் அந்த வரிக்கே போகாது, அதனால் தப்பித்துவிடும். சாய்கோடு உள்ள பெயர் அங்கே போய் விழுந்து, சத்தமில்லாமல் நின்றுவிடும். நம் பெயர்கள் தவறக் கூடாது என்று எழுதிய வரி, நம் பெயர்களை மட்டும் தவறவிட்டது.

சரிசெய்ய நான்கு நிமிடம் ஆனது. அந்தப் புதுக் கட்டளையை எடுத்துவிட்டு, பெயரைத் துண்டாக வெட்டி மறுபடி ஒட்டும் பழைய முறையைப் போட்டேன். அது எல்லா வெர்ஷனிலும் ஓடும். ரீலோட் செய்தேன். கவிநயாவின் தலைக்கு மேல் பளிச்சென்று சிவப்பு வந்தது. ரொஹானா கை தட்டினார். நான் மேசையில் தலை வைத்து அழுதேன். டாக்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வேலை அதோடு முடியவில்லை. அந்தப் பதினொரு நாளில் அங்கே வந்த சாய்கோட்டுப் பெயர்களையெல்லாம் எடுத்து, பட்டியலோடு ஒப்பிட்டோம். கவிநயாவைத் தவிர அலர்ஜி உள்ளவர்கள் இருவர். ஒருவர் வாங்கியது இருமல் மருந்து மட்டும். மற்றவர் முனியாண்டி அண்ணன். டாக்டரே அழைத்தார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அந்தக் காப்ஸ்யூலா? பெருசா இருந்துச்சு தம்பி, தொண்டையில எறங்காதுன்னு தொடவே இல்ல. ஏசாதீங்க."

எங்கள் டாக்டர் வாழ்க்கையில் முதல் முறையாக, மருந்து சாப்பிடாத நோயாளியைப் பாராட்டினார்.

4. இப்போது எப்படிச் செய்கிறேன்

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பழைய வெர்ஷனில் ஓடுமா என்று பழைய வெர்ஷனிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் லேப்டாப் சாட்சி ஆகாது. எந்த வரியை மாற்றினீர்களோ அந்த வரிக்குப் போகும் பெயரைக் கொடுத்துச் சோதியுங்கள். நான் சாய்கோட்டுக்காக ஒரு வரி எழுதிவிட்டு, சாய்கோடே இல்லாத ரொஹானாவின் பெயரில் சோதித்தேன். இன்று என் சோதனைப் பட்டியலில் மலாய்ப் பெயர்களின் bin, binti, நம் a/l, a/p நான்கும் உண்டு, ஒரு சீனப் பெயரும் உண்டு.

இன்னொன்று, டாக்டர் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. இப்போது எக்ஸ்டென்ஷன் எப்போதும் ஏதாவது சொல்லும். பட்டியலில் இருந்தால் சிவப்பு. தேடியும் இல்லாவிட்டால் பச்சை. பக்கம் திறந்ததும் முதலில் வருவது சாம்பல் பட்டை: "இன்னும் பார்க்கவில்லை, நோயாளியிடம் கேளுங்கள்." தேடல் பாதியில் விழுந்தால் அந்தச் சாம்பல் அப்படியே நிற்கும். வெள்ளைக்கு இனி இடமில்லை.

கணவர் படம் எதையாவது அனுப்பினால் இப்போதும் எனக்கு அந்த மருந்துப் பைதான் நினைவுக்கு வரும். போன வாரம் வந்தது வெறும் ரொட்டி சானாய் படம். திறக்க ஒரு நிமிடம் ஆனது.

கவிநயா மட்டும் மாறிவிட்டாள். எந்தக் கிளினிக்கிலும் கவுண்டரில் பெயர் கேட்டால் ஒரே மூச்சில் சொல்கிறாள், அதுவும் தன் பெயரில் ஒரு பாகம் போல:

"கவிநயா ஆனாக் பெரெம்புவான் குமார் பென்சிலின் ஆகாது."